கரிவர்த்தன் சமைத்த பந்தய ஊர்தி

கொங்கு நாட்டின் தலைசிறந்த நகரம் கோயம்புத்தூர். நூற்பாலைகளும் வார்ப்படச் சாலைகளும் கடைசற் பட்டறைகளும் செறிந்த அந்நகரில், இரும்பைத் தம் எண்ணப்படி வளைக்கவல்ல தொழில் வல்லுநர்க்கு என்றும் குறைவிருந்ததில்லை. அவ்வூரின் தொழில் திறனை மோட்டார்ப் பந்தயத் துறைக்குத் திருப்பிப் புகழ் கொண்டவர் கரிவர்த்தன்.

1954ஆம் ஆண்டில் பிறந்த அவர், நூற்பாலைத் தொழிலில் ஈடுபட்ட செல்வக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆயினும் அவர்தம் உள்ளம் விரைந்தோடும் ஊர்திகளையே பெரிதும் நாடிற்று. அக்காலத்தில் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப் போரின்போது பயன்பட்ட விமானத் தளமே பந்தயக் களமாக விளங்கிற்று. 1953ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அங்கே பந்தயங்களை நடத்தி வந்தது. அக்களத்தில் கரிவர்த்தனும் வீரர்களுள் ஒருவராக ஊர்தி செலுத்தினார்.

அங்கு அவர் ஒரு குறையைக் கண்டார். பந்தயத்திற்கென்றே அமைந்த ஊர்திகள் அயல்நாடுகளிலிருந்து வரவேண்டியிருந்தன. அவற்றின் விலையோ மிகுதி. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சுங்க வரியும் கடுமையானவை. ஆகவே, துணிவும் திறமையும் படைத்த இளைஞர் பலர் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதோடு அமைய வேண்டியதாயிற்று. இக்குறையைப் போக்க வழி யாதெனக் கரிவர்த்தன் சிந்தித்தார்.

1983ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி 800 என்னும் சிறு கார் விற்பனைக்கு வந்தது. நாகர்கோவில் வீதிகளிலும் தில்லியின் அகன்ற சாலைகளிலும் ஒருங்கே ஓடிய அக்காரின் உறுப்புகள் எங்கும் எளிதிற் கிடைத்தன. நாள்தோறும் குடும்பத்தாரைச் சுமந்து செல்லும் அவ்வூர்தியின் எஞ்சினைக் கொண்டே பந்தய ஊர்தி சமைக்க அவர் முற்பட்டார்.

அவர் கையாண்ட முறை எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. மாருதிக் காரில் மூன்று உருளைகள் கொண்ட 796 கன செண்டிமீட்டர் எஞ்சின் முன்புறத்தில் அமைந்து, முன் சக்கரங்களை இயக்கும். கரிவர்த்தன் அவ்வெஞ்சினையும் பற்சக்கரப் பெட்டியையும் ஓட்டுநருக்குப் பின்னே அமைத்து, பின் சக்கரங்களை இயக்கச் செய்தார். கனத்த தகட்டு உடலை நீக்கி, எஃகுக் குழாய்களாலாகிய சட்டகத்தை அமைத்து, அதன்மேல் கண்ணாடி இழையாலான மெல்லிய உடலைப் போர்த்தினார். ஒருவரே அமரக்கூடிய அவ்வூர்தி தரையோடு தாழ்ந்து நின்றது. எடை குறைந்தமையால் சிறிய எஞ்சினும் விரைவு தந்தது; தாழ்ந்து நின்றமையால் வளைவுகளில் அது நிலைகுலையாது திரும்பிற்று.

1980களின் பிற்பகுதியில் தோன்றிய இவ்வூர்திவகை ‘பார்முலா மாருதி’ எனப் பெயர் பெற்றது. எல்லோர்க்கும் ஒரேவகை எஞ்சின் அமைந்தமையால், ஓட்டுவோரின் திறமையே வெற்றியைப் பெரிதும் முடிவு செய்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் இவ்வகை ஊர்தியிலேயே தம் பந்தய வாழ்வைத் தொடங்கினார். அவர் 2005ஆம் ஆண்டில் பார்முலா ஒன் பந்தயத்தில் பங்கு கொண்ட முதல் இந்தியர் என்னும் சிறப்பை எய்தினார். அப்பெருமையைக் காணக் கரிவர்த்தன் உயிரோடில்லை. 1995ஆம் ஆண்டில், நாற்பது வயதளவிலேயே, விமான விபத்தொன்றில் அவர் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2003ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பந்தயப் பாதை அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

மாணவர்களே! விரைவுக்கு உரிய இடம் வேலியிட்ட பந்தயக் களமே. மக்கள் நடமாடும் தெருவில் அது உயிர்க்கு உலை வைக்கும். களத்திற்கு வர இயலாதிருந்த இளைஞர்க்கு அக்களத்தின் கதவைத் திறந்துவிட்டவர் கரிவர்த்தன். இல்லாத பொருளுக்கு ஏங்கியிராமல், கைக்கெட்டிய பொருளை ஆராய்ந்து, அதனைப் பிறர்க்கும் பயன்பட மாற்றியமைத்த அவர்தம் முயற்சி நாம் போற்றத்தக்கதாகும்.