நார்னியா கண்ட லூயிஸ்

இளம்பருவத்தினர் படித்து மகிழ்தற்கென ஆங்கில மொழியில் எழுந்துள்ள மாயக்கதைத் தொடர்கள் மிகப் பல. அவற்றுள் நார்னியா என்னும் தொடரின் பெயரையேனும் கேட்டறியாத மாணவர் நம் கல்லூரியில் அரியர். ஏழு நூல்களையும் முற்றப் படித்தோரும், ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டோரும், திரைப்படமாக மட்டும் கண்டோரும் நம்மிடையே உளர். அதனை விரும்புவோர் ஒருபுறமிருக்க, பேசும் விலங்கும் சூனியமும் மலிந்த கதைகள் கிறிஸ்தவ வாலிபர்க்கு ஆகா என்று தள்ளுவோரும், கதையென்னும் போர்வை போர்த்த ஞாயிற்றுப்பள்ளிப் பாடமே இஃது என்று இகழ்வோரும் இருக்கின்றனர். இவ்விரு சாராரும் அந்நூலாசிரியரின் வாழ்க்கையை அறிந்திருப்பாராயின் இங்ஙனம் கூறத் துணியார் என்பது நம் எண்ணம். ஆதலின் அதனை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கிளைவ் ஸ்டேப்பிள்ஸ் லூயிஸ் 1898-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் அயர்லாந்தின் வடபாலுள்ள பெல்பாஸ்ட் நகரிற் பிறந்தார். தந்தையார் ஆல்பர்ட் லூயிஸ் அந்நகரத்து வக்கீல். தாயார் பிளோரா ஒரு குருவானவரின் புதல்வி. பெண்கள் பட்டம் பெறுதல் அருமையாயிருந்த அந்நாளிலே கணிதமும் தருக்கமும் கற்றுப் பட்டம் பெற்றவர். மைந்தர்க்குப் பிரெஞ்சும் இலத்தீனும் முதன்முதற் கற்பித்தவர் அவரே. தமையனார் வாரன் மூன்றாண்டு மூத்தவர். பெற்றோர் இட்ட பெயரைப் பிள்ளைப் பருவத்திலேயே உதறிவிட்டு, ஜாக் என்றே தம்மை அழைத்தல் வேண்டுமெனப் பிடிவாதம் செய்தார் இளையவர். இறுதிவரை வீட்டார்க்கும் நண்பர்க்கும் அவர் ஜாக் என்றே வழங்கினார்.

1905-ஆம் ஆண்டில் இக்குடும்பம் நகர்ப்புறத்தே புதிதாய்க் கட்டிய பெரிய வீடொன்றிற் குடிபுகுந்தது. கூடத்திலும் படிக்கட்டிலும் பரணிலும் எங்கு நோக்கினும் நூல்கள். மழை ஓயாத அந்நாட்டிலே சிறுவர் இருவரும் பரணறையே தம் உலகமாகக் கொண்டனர். தம்பியார் உடையணிந்து பேசும் விலங்குகளின் நாடொன்றைப் படைத்து, அதற்கு வரலாறும் படமும் வரைந்தார். தமையனார்க்கோ புகைவண்டியிலும் நீராவிக் கப்பலிலுமே விருப்பம். அவர் தமக்கெனத் தேர்ந்துகொண்ட நாடு யாதெனின், நம் இந்தியா! இரு நாடுகளையும் ஒன்றாக இணைத்தல் வேண்டுமே. அதன்பொருட்டு இந்தியாவை ஒரு தீவாக்கி, இமயமலையின் பின்புறத்தே கடலைக் கொணர்ந்து நிறுத்தி, இடையே கப்பல் ஓடவும் வழி செய்தனர். நம் நாட்டைப் பெயர்த்துக் கடல் நடுவே வைத்த அச்சிறுவர்மேல் நமக்குச் சினம் எழவில்லை, நகையே எழுகின்றது.

அவ்வின்பம் நீடிக்கவில்லை. 1908-ஆம் ஆண்டில் தாயார் புற்றுநோயால் நலிவுற்றார். வீட்டிலேயே அறுவை மருத்துவம் நடந்தது, பயனில்லை. சிறுவர் லூயிஸ் தாயின் உயிருக்காக ஜெபித்தார். விசுவாசத்தோடு கேட்பது கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தமையின், ஐயம் சிறிதும் இன்றி நம்பிவிட வேண்டுமெனத் தம் மனத்தைத் தாமே வற்புறுத்தினார். ஆகஸ்டுத் திங்கள் 23-ஆம் நாள், தந்தையாரின் பிறந்தநாளன்றே, தாயார் கண்மூடினார். அப்பொழுதும் அப்பிள்ளை தளரவில்லை. இறந்தவர் அற்புதமாய் எழுவார் என்று காத்திருந்தார். அந்தோ! எழவில்லை. அடுத்த சில வாரங்களிலே, துயரத்தால் தம்மை மறந்திருந்த தந்தையார், ஒன்பது வயது நிரம்பிய அம்மகனைக் கடல் கடந்து இங்கிலாந்திலுள்ள விடுதிப் பள்ளியொன்றிற்கு அனுப்பிவிட்டார்.

பள்ளி வாழ்க்கையைப் பற்றி விரித்தெழுத வேண்டுவதில்லை. முதற் பள்ளியின் தலைமையாசிரியர் பிள்ளைகளைப் பிரம்பால் வதைத்தவர், பின்னர்ச் சித்தம் கலங்கினவர் எனச் சான்று பெற்றார், பள்ளியும் மூடப்பட்டது. பிற பள்ளிகளிலும் லூயிஸ் மகிழ்ந்தாரல்லர். பதினான்கு வயதளவில் கிறிஸ்தவ விசுவாசம் அவரை விட்டு அகன்றது. 1914-ஆம் ஆண்டில் சர்ரே நாட்டுப்புறத்திலே கர்க்பாட்ரிக் என்னும் முதிய ஆசிரியரிடம் தனியே பாடங் கேட்கலானார். அவர் தெய்வம் இல்லை என்பவர். காரணமின்றி ஒரு சொல்லும் பேசவிடாதவர். கிரேக்கமும் தருக்கமும் அவரிடம் கற்ற காலமே லூயிஸின் அறிவு கூர்மை பெற்ற காலம். அக்காலத்திலேதான், 1916-ஆம் ஆண்டில், புகைவண்டி நிலையத்துக் கடையொன்றில் ஜார்ஜ் மக்டானல்டு எழுதிய பான்டஸ்டீஸ் என்னும் மாயக்கதை அவர் கைப்பட்டது. மக்டானல்டு சபைப் போதகராயிருந்து, சபையாரின் வெறுப்பால் பதவி துறந்து, கதை எழுதிக் குடும்பம் காத்தவர். தெய்வத்தை மறுத்த மாணவர் தம்மை அறியாமலே ஒரு போதகரின் கதையில் மயங்கினார்! தம் கற்பனைக்கு அன்று ஞானஸ்நானம் கிடைத்ததெனப் பிற்காலத்தில் அவர் எழுதியுள்ளார்.

1917-இல் ஆக்ஸ்போர்டு சென்றார். சென்ற சில மாதங்களிலே படையிற் சேர்ந்தார். பிரான்சு நாட்டுப் போர்முனையின் அகழியை அவர் அடைந்த நாள் அவருடைய பத்தொன்பதாவது பிறந்தநாள். நம் வயதினரான ஒருவர் தேர்வுக்கு அஞ்சும் பருவத்தில் பீரங்கிக்கு முன் நின்றார். 1918 ஏப்ரலில், தம் பக்கத்துக் குண்டே குறி தவறி அருகில் வீழ்ந்து வெடிக்கக் காயமுற்றார். உடன் பயின்ற நண்பர் பாடி மூர் போரில் மாண்டார். அவருடைய அன்னையாரையும் தங்கையையும் லூயிஸ் தம் பொறுப்பாக ஏற்று, அவ்வம்மையாரை 1951-இல் அவர் இறக்கும்வரை காத்தார். போருக்குப்பின் ஆக்ஸ்போர்டில் மூன்று தேர்வுகளில் முதல் வகுப்புப் பெற்று, 1925-இல் மாட்லின் கல்லூரியில் ஆங்கில இலக்கிய ஆசிரியராக அமர்ந்தார்.

அங்கே டால்கீன் என்னும் மொழிநூற் பேராசிரியரின் நட்புக் கிடைத்தது. அவரும் பிற்காலத்தே பெருங்கதைகள் எழுதிப் புகழ்பெற்றவரே. பழைய புராணக் கதைகள் அழகியவாயினும் பொய்யே என்பது லூயிஸின் கொள்கை. 1931 செப்டம்பரில் ஓரிரவு, டால்கீனும் டைசன் என்பாரும் அவரோடு கல்லூரிச் சோலையில் நடந்து நெடுநேரம் வாதித்தனர். இறந்து உயிர்த்தெழும் தெய்வத்தின் கதை மக்களினத்தின் பழங்கதைகளில் பலகாலும் தோன்றிய கனவு. கிறிஸ்துவிடத்திலோ அது நாளும் இடமும் குறித்து நிகழ்ந்த மெய் என்பது அவர்கள் உணர்த்திய கருத்து. சில நாட்கழித்துத் தமையனாரின் மோட்டார்ச் சைக்கிளோடு இணைந்த பக்கவண்டியில் அமர்ந்து விலங்குக் காட்சிசாலைக்குச் சென்ற லூயிஸ், புறப்படும்போது விசுவாசியல்லர். சென்று சேர்ந்தபோது விசுவாசி. கதை பொய் என்ற எண்ணம் நீங்கியதே அவர் தேவனிடம் திரும்பிய வழியாயிருக்க, கதையை வெறுத்தலே பக்தி என்று நம்மவர் சிலர் கருதுவது வியப்பன்றோ?

நிற்க. நார்னியா பிறந்த விதம் இது. பனி பெய்யும் காட்டிடையே குடையும் பொட்டலங்களும் ஏந்திச் செல்லும் ஆட்டுக்கால் மனிதன் ஒருவனின் உருவம் பதினாறாம் வயதிலிருந்தே லூயிஸின் மனத்தில் இருந்தது. 1939-இல் போர் மூண்டபோது இலண்டனிலிருந்து அனுப்பப்பட்ட சிறுமியர் சிலர் அவர் இல்லத்தில் தங்கினர். அக்காலத்தே கதையைத் தொடங்கிச் சில வரிகளோடு நிறுத்தினார். பின்னர்ப் பல்லாண்டு கழித்து, ஒரு பெருஞ் சிங்கம் அவர் கற்பனையிற் பாய்ந்து வந்தது. அச்சிங்கமே கதை முழுவதையும் இழுத்துக்கொண்டு சென்றது. சிங்கமும் சூனியக்காரியும் உடையலமாரியும் பற்றிய முதல் நூல் 1950-இல் வெளிவந்தது. ஆண்டுக்கு ஒன்றாக 1956-க்குள் ஏழும் முடிந்தன. ஆகவே, போதனையை முதலில் வகுத்துக்கொண்டு அதற்குக் கதை தைத்தார் என்பது உண்மையன்று. உருவம் முன், பொருள் பின். பக்தியாய் உணரவேண்டும் என்று பிறர் கட்டளையிடுவதாலேயே சிறுவயதில் தம் உணர்ச்சி உறைந்துபோயிற்று என்றும், கதை அவ்வுறைவை உருக்கும் என்றும் அவர் கருதினார். நண்பர் டால்கீனுக்கோ இந்நூல்கள் பிடிக்கவில்லை. பல நாட்டுப் பழங்கதைகளை ஒரே பானையிற் பெய்து கிண்டியது போலிருந்தமை அவர்க்கு ஒவ்வாது போலும்.

இவற்றை எவ்வரிசையிற் படிப்பது என்று நம் விடுதியில் வழக்கிடுவோர் உண்டு. 1994 முதல் பதிப்பாளர் கதை நிகழ்ச்சியின் வரிசைப்படி எண்ணிட்டு வெளியிடுகின்றனர். ஆசிரியரும் ஒரு சிறுவர்க்கு எழுதிய கடிதத்தில் அதற்கு இசைந்தார். எனினும் வெளிவந்த வரிசையிற் படித்தலே நன்றென்போம். அலமாரிக்குள் என்ன இருக்கிறதென்று அறியாமற் கதவைத் திறப்பவர்க்கன்றோ உள்ளிருக்கும் பனி குளிரும்!

குறைகளையும் மறைத்தல் ஆகாது. பாலைக்குத் தெற்கேயுள்ள கலார்மன் நாட்டினரைக் கரிய முகமும் தலைப்பாகையும் வளைவாளும் உடையராய், அடிமை கொள்வாராய், கொடியராய் வரைந்திருக்கிறார். கீழ்நாட்டினராகிய நமக்கு அப்பக்கங்கள் நெஞ்சில் தைக்கின்றன. எமத் என்னும் கலார்மன் இளைஞன், தன் தெய்வத்தையே மெய்யன்போடு வணங்கியவன், இறுதியிற் சிங்கத்தால் ஏற்றுக்கொள்ளப்படுகிறான் என்பது மெய்யே. ஆயினும் ஒரு நல்லோனைக் காட்டிவிடுவதால் ஓர் இனத்தின்மேற் சுமத்திய பழி நீங்கிவிடாது. மேலும் ஏழாம் நூலில், உதட்டுச் சாயத்திலும் விருந்தழைப்பிலும் மனம் வைத்தாள் என்று சூசன் விலக்கப்படுகிறாள். பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் ஒரே புகைவண்டி விபத்தில் இழந்து இவ்வுலகில் தனித்து நிற்கிறாள். அவளும் தன் வழியில் ஒருநாள் வந்து சேரலாம் என்று ஆசிரியர் ஒரு சிறுவர்க்கு எழுதினார். அதை நூலிலேயே எழுதியிருக்கலாகாதா?

ஆறாவதாக 1955-இல் வெளிவந்த நூலே நம் நெஞ்சிற்கு மிக அணித்தானது. மந்திரவாதியின் மருமகன் என அதன் பெயரைத் தமிழாக்கலாம். மந்திரவாதி அச்சிறுவனுக்குத் தாய்மாமன் ஆதலின் உறவுமுறையும் பொருந்துகிறது. சிறுவன் டிகரியின் அன்னை நோய்வாய்ப்பட்டுச் சாகக் கிடக்கிறாள். நார்னியா படைக்கப்பட்ட அன்றே அவன் செய்த பிழையால் அங்கே தீமை நுழைந்துவிட்டது. அன்னைக்கு மருந்து வேண்டுமென்று சிங்கத்திடம் கேட்கத் தலை நிமிர்கிறான்; தன் கண்ணீரினும் பெரிய கண்ணீர் சிங்கத்தின் கண்களில் நிற்கக் காண்கிறான். தொலைவிலுள்ள தோட்டத்துக் கனியைக் கொணருமாறு அனுப்பப்படுகிறான். கனியைத் தாய்க்கே திருடிக்கொண்டு போ என்று சூனியக்காரி தூண்டுகிறாள். அவன் திருடவில்லை, அழுதுகொண்டே திரும்புகிறான். பின்னர் அவன் கேளாமலே சிங்கம் வேறொரு கனியைக் கொடுக்கிறது; தாய் பிழைக்கிறாள். அக்கனியின் விதையில் முளைத்த மரத்தாலே ஆனதுதான் முதற்கதையின் அலமாரி.

ஐம்பத்தாறு வயதினர் ஒருவர் இதை வெளியிடுகின்றார். ஒன்பது வயதிற் செய்த ஜெபத்திற்கு அவர் பெறாத விடையைத் தம் கதைச் சிறுவனுக்குக் கொடுத்துவிட்டார். தம்மைப் பொறுத்தவரை அவர் தமக்கு வைத்துக்கொண்டது சிங்கத்தின் கண்ணீர் ஒன்றே. இதனை மாறுவேடம் பூண்ட பிரசங்கம் என்பார்க்கு நாம் சொல்லத்தக்கது வேறில்லை.

பின்னும் நடந்ததைக் கேண்மின். 1956-இல் லூயிஸ் ஜாய் டேவிட்மன் என்னும் அமெரிக்க எழுத்தாளரைப் பதிவுமணம் செய்துகொண்டார். ஆங்கில நாட்டில் தங்குதற்கு அவர்க்கு உரிமை கிடைப்பதற்கே முதலில் அம்மணம் நிகழ்ந்தது. அவ்வாண்டிலேயே அவ்வம்மையார்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவருக்கு முன்மணத்தில் பிறந்த ஆண்மக்கள் இருவர்; இருவரும் பள்ளிச் சிறுவர். தம் இளமைக் காட்சி முழுவதும் தம் கண்முன்னே திரும்பி வந்து நிற்க லூயிஸ் கண்டார். 1957 மார்ச்சில் மருத்துவமனைக் கட்டிலருகே குருவானவர் ஒருவர் நோயாளியின்மேல் கைவைத்து ஜெபித்து, இருவர்க்கும் திருமணமும் செய்துவைத்தார். சாவாரென எண்ணப்பட்டவர் தேறினார், எழுந்து நடந்தார். மூன்றாண்டுகள் இன்பமாய்க் கழிந்தன. 1960 வசந்தத்தில் கணவனும் மனைவியும் கிரேக்க நாடு சென்று மீண்டனர். ஜூலைத் திங்கள் 13-ஆம் நாள் அம்மையார் காலமானார்.

தேவனை நோக்கி அஞ்சாது வினவிய தம் துயரக் குறிப்புகளை 1961-இல் புனைபெயரால் லூயிஸ் வெளியிட்டார். எழுதியவர் இன்னாரென்று அறியாத நண்பர் சிலர், ஆறுதலாயிருக்கும் என்று அந்நூலையே அவர்க்கு அனுப்பிவைத்தனராம்! அப்பிள்ளைகளுக்கு அவரே தந்தையாய் இருந்தார். 1963-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், அறுபத்தைந்து நிரம்புதற்கு ஒரு வாரமிருக்க, தம் இல்லத்தில் உயிர் நீத்தார். அமெரிக்கத் தலைவர் கென்னடி சுடப்பட்ட நாளும் அதுவே. ஆதலின் லூயிஸ் இறந்த செய்தி உலகின் காதில் விழவில்லை.

ஆக்ஸ்போர்டை அடுத்த ஹெடிங்டன் குவாரித் திருச்சபைத் தோட்டத்தில் அவர் கல்லறை உளது. 1908-இல் தாயார் இறந்த அன்று பெல்பாஸ்ட் வீட்டிலிருந்த நாட்காட்டியின் தாளில் சேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்து அடியொன்று அச்சிடப்பட்டிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்துத் தம்பிக்குக் கல் நாட்டிய வாரன், அவ்வடியையே அதிற் பொறிக்கச் செய்தார். 1973-இல் அவரும் அக்குழியிலேயே அடக்கம் பண்ணப்பட்டார்.