எண்பது வயதில் கட்சி தொடங்கிய ராஜாஜி

ராஜாஜி என்றதும் நம்மில் பலருக்கு வேதாரண்யம் உப்பு யாத்திரையும், கவர்னர் ஜெனரல் பதவியும், சக்கரவர்த்தித் திருமகனும்தான் நினைவுக்கு வரும். அவருடைய கடைசிப் பதின்மூன்று ஆண்டுகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இளைய உறுப்பினர்களுக்காக அதைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

1878 டிசம்பர் 10 அன்று, அன்றைய சேலம் ஜில்லா தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வக்கீல், 1937-இல் சென்னை மாகாணப் பிரதமர், 1948 முதல் 1950 வரை கவர்னர் ஜெனரல், 1952-இல் சென்னை முதல்வர், 1954-இல் பாரத ரத்னா. வேறு ஒருவராக இருந்தால் அத்துடன் நிம்மதியாக ஓய்வெடுத்திருப்பார்.

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் மகாநாடு கூட்டுறவு விவசாயத்தை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. இதனால் விவசாயி தன் நிலத்தை இழப்பான் என்று ராஜாஜி அஞ்சினார். தொழில் செய்பவன் எதற்கெடுத்தாலும் சர்க்கார் லைசென்ஸுக்குக் கைகட்டி நிற்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஜூன் மாதம் சென்னையில் சுதந்திரா கட்சியை அறிவித்தார். ஆந்திர விவசாயிகளின் தலைவர் என்.ஜி. ரங்கா தலைவர், பம்பாய்ப் பார்சி மினூ மஸானி பொதுச் செயலர். அடிப்படைக் கொள்கைகள் நீங்கலான விஷயங்களில் உறுப்பினர் தம் மனச்சாட்சிப்படி ஓட்டளிக்கலாம் என்பது கட்சியின் விதி.

அந்த லைசென்ஸ் முறையை நான் அருகிலிருந்து பார்த்தவன். பி.எஸ்ஸி. முடித்து 1970-களில் சர்க்கார் வேலையில் சேர்ந்தேன். நான் இருந்த ஓர் அலுவலகத்துக்கு, சிறு பட்டறை வைத்திருந்த ஒருவர் இரும்புத் தகடு ஒதுக்கீட்டுக்காக மாதக்கணக்கில் நடந்தார். ஃபைல் மேஜை மேஜையாக நகர்ந்தது; அதற்குள் அவர் பட்டறையை மூடிவிட்டார். ராஜாஜி எதை எதிர்த்தார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

கட்சியின் வேட்பாளர்கள் யார்? 1962 தேர்தலில் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, பதிவான சுமார் 2,46,000 ஓட்டுகளில் சுமார் 1,93,000 பெற்று வென்றார். அதே தேர்தலில் ரங்காவும் மஸானியும் தோற்று, பிறகு இடைத்தேர்தல்களில்தான் லோக்சபாவுக்குள் வந்தார்கள். கொள்கை பேசியவர்கள் தோற்றார்கள். அரண்மனைக்கு ஓட்டு விழுந்தது. கட்சியின் பலமும் பலவீனமும் இதில் அடங்கும்.

1962-இல் 18 இடம். 1967-இல் 44 இடம், லோக்சபாவில் காங்கிரஸுக்கு அடுத்த கட்சி. லோபோ பிரபு, தண்டேகர் போன்ற ஓய்வுபெற்ற ஐ.சி.எஸ். அதிகாரிகள் வென்றார்கள். ஒரிஸ்ஸாவில் கட்சியின் ஆர்.என். சிங் தேவ் முதல்வரானார். சென்னை மாநிலத்தில் தி.மு.க.வுடன் கூட்டுச் சேர்ந்து சட்டசபையில் 20 இடங்கள் கிடைத்தன. ஆனால் கிராமம்தோறும் தொண்டர்கள் இல்லை. பல இடங்களில் ராஜாக்களின் செல்வாக்கே கட்சியாக இருந்தது. 1971-இல் இந்திரா அலை வீசியபோது எட்டு இடங்களே மிஞ்சின.

1972 டிசம்பர் 25 அன்று, 94 வயதில் ராஜாஜி காலமானார். 1974-இல் கட்சி பாரதீய லோக் தளத்தில் கரைந்தது. 1991-இல் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் ரத்தானபோது, அதைச் செய்தது அவர் எதிர்த்த காங்கிரஸின் அரசாங்கமே. தேர்தலில் தோற்ற கருத்து, முப்பது வருஷம் கழித்து ஜெயித்தது. பதவிகளெல்லாம் பார்த்து முடித்த பிறகு, தனக்கென ஒரு தொகுதிகூடக் கேட்காமல் அந்தக் கருத்துக்காக ஊர் ஊராகப் போன முதியவரை நம் பேரக் குழந்தைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.