ஜி. டி. நாயுடு காட்டிய வழி

தேர்ச்சி பெற்ற ஆட்கள் கிடைக்கவில்லையென்ற முறையீடு திருப்பூர் வட்டாரத்தில் ஓய்ந்தபாடில்லை. அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளில் தகப்பன் கையைப் பார்த்து மகன் தொழில் கற்றான். அவ்வழக்கம் அருகி வருகிறது. பனியன் ஆலைகளுக்கோ பீகார், ஒடிசா முதலிய ராஜ்யங்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். ஆட்களைத் தேடுகிறவர்கள் பலர், உண்டாக்குகிறவர்கள் சிலர். இந்நிலையில் காலஞ்சென்ற ஸ்ரீ ஜி. டி. நாயுடுவின் சரித்திரத்தை நினைவுகூர்வது நமது கடமையாகும்.

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில், 1893-ம் வருஷம், விவசாயக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பள்ளிப் படிப்பு அவர் மனத்துக்கு ஒட்டவில்லை. வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசை கொண்டு, கோவையில் ஓட்டலொன்றில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதை அக்கக்காகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அதுவே அவருடைய கலாசாலை. முதல் உலக யுத்த காலத்தில் திருப்பூரில் பஞ்சு அரைக்கும் ஆலை நடத்திப் பெரும் பொருள் ஈட்டினார். பம்பாய்ப் பஞ்சு வியாபாரத்தில் அதை இழந்தார். ஆயினும் மனம் தளர்ந்தாரில்லை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே ஒரே பஸ்ஸை வைத்துத் தொழில் தொடங்கினார். அது யு. எம். எஸ். என்னும் பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது. 1937-ல் ஸ்ரீ டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்சார மோட்டாரை இந்நாட்டிலேயே தயாரித்துக் காட்டினார்.

யந்திரம் வந்தால் போதாது, அதை இயக்கும் கையும் வேண்டுமென்பதை அவர் உணர்ந்திருந்தார். 1945-ல் கோவையில் அன்றைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் தொழிற்கல்வி ஸ்தாபனம் தோன்றியதற்கு அவரே காரணம். தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். நான்கு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷமே போதுமென்பது அவர் கொள்கை. சர்க்கார் இசையவில்லை, அவர் விலகிக்கொண்டார். அக்கல்லூரியே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. 1974-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி அவர் காலமானார்.

கணிதமும் விஞ்ஞானமும் ஆழ்ந்து கற்கவேண்டிய இன்ஜினீயருக்கு இரண்டு வருஷம் போதுமா என்பதில் நமக்குச் சந்தேகமுண்டு. ஆனால் பட்டறைத் தொழிலாளிக்கு, கருவியைக் கையிலெடுத்துக் கற்பதே கல்வி என்பதில் சந்தேகமில்லை. இதைவிட முக்கியமானது வேறொன்று. அவர் ஆட்கள் இல்லையென்று புலம்பிக்கொண்டிருக்கவில்லை. பள்ளியை உண்டாக்க முன்வந்தார். பயிற்சிச் செலவைப் பிறர் தலையில் கட்டி, பயின்றவனை மட்டும் மலிவான கூலிக்குக் கேட்பது நியாயமாகாது. பழகுகிற பையனுக்கு வயிற்றுக்குப் போதிய கூலியும், கற்று முடித்தபின் கௌரவமான சம்பளமும் உண்டென்று தெரிந்தால், பட்டறையைத் தேடி வாலிபர்கள் தாமே வருவார்கள். திருப்பூர் முதலாளிகள் இதைச் சிந்திப்பார்களாக.