ஏழ்மையை எண்ணக் கற்றுத் தந்த மஹ்பூபுல் ஹக்

ஒரு குடும்பம் ஏழையா இல்லையா என்பதை நாம் எதை வைத்து முடிவு செய்கிறோம்? பெரும்பாலும் கைக்கு வரும் வருமானத்தை வைத்துத்தான். உலகமும் நாடுகளை நெடுங்காலம் அப்படித்தான் அளந்தது. அந்தக் கணக்கு போதாது என்று உலகை ஒப்புக்கொள்ள வைத்தவர்களில் முதன்மையானவர் பாகிஸ்தானின் பொருளியல் அறிஞர் டாக்டர் மஹ்பூபுல் ஹக். ஒரு காலத்தில் அந்தக் கணக்கை நம்பித் தன் நாட்டுக்குத் திட்டம் போட்டவரும் அவரே. அதனால்தான் அவருடைய வாழ்க்கையை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

1934-ல் ஜம்முவில் பிறந்தார். 1947 பிரிவினைக் கலவரத்திலிருந்து தப்பி அவர் குடும்பம் பாகிஸ்தான் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு 13 வயது. லாகூர் அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு 1953-ல் கேம்பிரிட்ஜ் சென்றார். கல்கத்தாவிலிருந்து அமர்த்தியா சென்னும் அதே ஆண்டில்தான் அங்கே படிக்க வந்தார். அன்று தொடங்கிய நட்பு கடைசிவரை நீடித்தது.

யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று நாடு திரும்பியவர், அயூப் கான் ஆட்சியில் திட்டக் கமிஷனின் தலைமைப் பொருளியலாளர் ஆனார். முதலில் செல்வம் பெருகட்டும், பங்கிடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே அன்றைய போக்கு. 1963-ல் எழுதிய நூலில் ஹக்கும் அந்தப் பக்கமே நின்றார். காகிதத்தில் பார்த்தால் வெற்றிதான். ஆண்டுக்கு 6 சதவீத அளவில் வளர்ச்சி. ஆனால் அந்த வளர்ச்சி யார் வீட்டுக்குப் போனது?

1968 ஏப்ரலில் கராச்சியில் ஆற்றிய உரையில் அவரே விடை சொன்னார். நாட்டின் தொழில் சொத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் 22 குடும்பங்களின் கையில் இருந்தது. வங்கியிலும் காப்பீட்டிலும் அவர்களின் பிடி இன்னும் இறுக்கம். தான் வேலை செய்யும் அரசின் சாதனையை, பதவியில் இருந்துகொண்டே ஒருவர் இப்படிப் போட்டு உடைப்பது லேசான காரியமல்ல. இருபத்திரண்டு குடும்பங்கள் என்ற பேச்சு தெருவெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு மக்கள் போராட்டத்தின் நடுவே அயூப் கான் பதவி விலகினார்.

1970 முதல் 1982 வரை உலக வங்கியில் பணியாற்றினார். பிறகு ஜியாவுல் ஹக் ஆட்சியில் (பெயர் ஒத்திருந்தாலும் உறவினர் அல்லர்) நிதியமைச்சராகவும் இருந்தார். ஏழைகளுக்காகப் பேசியவர் ராணுவ ஆட்சியாளரின் அமைச்சரவையில் ஏன் இருந்தார் என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான் என்போம்.

அவருடைய பெரிய பணி அதற்குப் பிறகுதான் வந்தது. 1989-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தில் சேர்ந்து, அடுத்த ஆண்டே முதல் மனித வளர்ச்சி அறிக்கையைக் கொண்டுவந்தார். ஆயுள், எழுத்தறிவு, வருமானம் மூன்றையும் சேர்த்து நாட்டுக்கு ஒரே எண். சென்னுக்கு முதலில் இதில் உடன்பாடில்லை. மனித வாழ்க்கையை ஒற்றை எண்ணில் அடைப்பது மிகவும் கரடுமுரடான வேலை என்று அவர் கருதினார். கரடுமுரடு என்பதை ஹக் மறுக்கவில்லை. ஆனால் தேசிய வருமானம் என்ற எண்ணை அதன் இடத்திலிருந்து நகர்த்த, அதைப் போலவே எளிதான இன்னொரு எண்ணால்தான் முடியும் என்று வாதாடினார். நண்பர் இறங்கி வந்து அந்தக் குறியீட்டை வடிவமைக்கவும் உதவினார்.

அந்த முதல் அறிக்கை எடுத்துக்காட்டிய நாடுகளில் ஒன்று இலங்கை. தலைக்கு ஆண்டு வருமானம் சுமார் 400 டாலர்தான். ஆனால் சராசரி ஆயுள் 71, எழுத்தறிவு 87 சதவீதம். அதைப்போல 15 மடங்கு வருமானம் கொண்ட சவூதி அரேபியா அன்று எழுத்தறிவில் இலங்கைக்குப் பின்னால் இருந்தது. பணம் மட்டும் பள்ளிக்கூடம் ஆகிவிடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

1998 ஜூலை 16-ல் நியூயார்க்கில் ஹக் காலமானார், வயது 64.

அவர் திறந்த பாதையில் மற்றவர்கள் நடந்தார்கள். நாட்டுச் சராசரி எந்த வீட்டில் குறை இருக்கிறது என்பதைக் காட்டாது. அதனால் 2010-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து பல்பரிமாண வறுமைக் குறியீட்டை வெளியிட்டார்கள். வீடு வீடாக 10 கேள்விகள். ஊட்டம் குன்றியவர் உண்டா, குழந்தை இறந்ததா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, குடிநீர், கழிப்பறை, மின்சாரம், அடுப்பில் எரிவது விறகா என்று போகும். எல்லாக் குறைக்கும் ஒரே எடை இல்லை. ஊட்டக்குறைவுள்ள ஒருவரும் பள்ளிக்குப் போகாத ஒரு பிள்ளையும் இருந்தாலே அந்த வீடு ஏழை வீடு; விறகடுப்பு போன்ற வசதிக் குறைகளோ ஆறும் சேர்ந்தால்தான் அந்த அளவை எட்டும். வருமானக் கணக்கில் தப்பிவிடும் குடும்பங்கள் இதில் அகப்படுகின்றன.

2016-ல் பாகிஸ்தான் இந்த முறையில் தன் முதல் அதிகாரபூர்வ அறிக்கையை வெளியிட்டது. மக்களில் சுமார் 39 சதவீதம் பேர் ஏழைகள். நகரங்களில் 9 சதவீதம், கிராமங்களில் 55. பலுசிஸ்தானில் 71. வெளியிட்டது, ஹக் ஒரு காலத்தில் வளர்ச்சி விகிதத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த அதே திட்டத் துறை.