ஜி.டி. நாயுடுவும் இரண்டாயிரம் ரூபாய் காரும்



மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட ஒருவர் பிற்காலத்தில் பாலிடெக்னிக் நிறுவினார். பிரின்சிபால் நாற்காலியிலும் உட்கார்ந்தார். அவரே நம் நாட்டில் யாரும் வாங்கக்கூடிய விலையில் ஒரு குட்டிக் காரையும் செய்து காட்டினார். அவர்தான் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் குட்டிக் கார் ஏன் ரோட்டுக்கு வரவில்லை என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படிக்கும் நமக்கு அது தெரிந்திருக்க வேண்டிய கதை.

கலங்கல் கிராமத்துப் பையன்

கோவை மாவட்டம் சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 23-3-1893 அன்று பிறந்தார் கோபால்சாமி துரைசாமி நாயுடு. படிப்பு ஏறவில்லை என்று சொல்வதை விட, பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை என்று சொல்வதே சரி. வாத்தியார் மீது மண்ணை வாரிப் போட்டதாக ஊரில் ஒரு கதையே உண்டு. கடைசியில் தோட்டத்து வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் கிராமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் தானாக ஓடும் வண்டியைப் பார்த்த பையனுக்கு அதற்குப் பிறகு வேறு நினைப்பே இல்லை. கோவைக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு சேர்த்தார். அந்த மோட்டார் சைக்கிளையே 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியவர் என்ன செய்தார்? ஊர் சுற்றவில்லை. முழுசாகப் பிரித்துப் போட்டார், திரும்ப மாட்டினார், மறுபடி பிரித்தார். நமக்கு ஒர்க்ஷாப் கிளாசில் சொல்லித் தருவதை அவர் தானாகவே தெருவோரத்தில் கற்றுக்கொண்டார்.

பஸ் முதலாளி ஆனார்

இடையில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கி, பம்பாய் வரை போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். ஆனால் மனிதர் துவளவில்லை. கோவையில் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ்ஸை வாங்கினார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அது ஓடத் தொடங்கியது. ஓட்டியவரும் அவரே, ரிப்பேர் பார்த்தவரும் அவரே. அதுதான் யூ.எம்.எஸ். என்று கொங்கு நாடெங்கும் பெயர் வாங்கிய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ். 1933ல் அதில் சுமார் 280 பஸ்கள் இருந்தன. ஒற்றை வண்டி 13 வருடத்தில் எங்கே போய் நின்றது பாருங்கள்!

1930களில் இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா எல்லாம் சுற்றினார். வேடிக்கை பார்க்கப் போனவர் இல்லை. எந்தப் பொருளை எப்படிச் செய்கிறார்கள், அதை நம்ம ஊரில் குறைந்த விலைக்குச் செய்ய முடியுமா என்பதிலேயே அவர் கண் இருந்தது. 1937ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து கோவையில் மின்சார மோட்டார் தயாரித்தார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் என்று அது பேசப்படுகிறது. சவர பிளேடு, ரேடியோ, பருத்தி, பப்பாளி என்று அவர் கை வைக்காத துறை குறைவு.

பாலிடெக்னிக் பிரின்சிபால்

1945ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் அதே பெயரில் என்ஜினீயரிங் கல்லூரியும் தொடங்கின. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் சர் ஆர்தர் ஹோப். பணமும் முயற்சியும் நாயுடுவுடையது. முதல் பிரின்சிபாலும் அவரே.

நான்கு வருடப் படிப்பு காலவிரயம், கையில் ஸ்பானரைக் கொடுத்தால் இரண்டு வருடமே தாராளம் என்பது அவர் கொள்கை. சர்க்கார் அதற்கு ஒத்து வரவில்லை. பதவியை விட்டு விலகிவிட்டார். அந்த என்ஜினீயரிங் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அவர் சொன்னது முழுக்கச் சரியா என்பது வேறு விஷயம். மூன்று வருட டிப்ளமோ படிக்கும் நமக்கு, இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே நிற்கிறோம் என்று சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம்.

1952: இரண்டு பேர் போகும் கார்

இப்போது விஷயத்துக்கு வருவோம். 1952ல் நாயுடு ஒரு பெட்ரோல் கார் செய்தார். இரண்டு பேர் உட்காரலாம். விலை 2,000 ரூபாய். கார் என்றால் ஜமீன்தாரும் மில் முதலாளியும் வைத்திருப்பது என்று இருந்த காலம் அது. நம்ம செட்டிநாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்த வீடுகளுக்கு சீமைக் கார்கள் வந்தன. மற்றவர்களுக்கு மாட்டு வண்டிதான், மிஞ்சினால் சைக்கிள்.

அந்த இரண்டாயிரம் ரூபாய் காரைத் தொடர்ந்து தயாரிக்க மத்திய அரசு லைசென்ஸ் தரவில்லை. அதோடு அது நின்றது. அவ்வளவுதான் கதை.

அரசாங்கம் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் 1951ல் வந்திருந்தது. அன்னியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு. கார் செய்வதை ஒரு சில பெரிய கம்பெனிகளிடம் விட்டால் போதும் என்பது அன்றைய போக்கு. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பெரிய காருக்கும் குட்டிக் காருக்கும் ஒரே அளவுகோலா? இரண்டுக்கும் தனித்தனி வகுப்பு, தனித்தனி விதி இருந்திருந்தால்? மற்ற நாடுகளைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும்.

எது சின்னக் கார்? நாட்டுக்கு நாடு வேறு!

சின்னக் கார், பெரிய கார் என்பது அங்குலக் கணக்கு மட்டும் இல்லை நண்பர்களே. அது சட்டமும் வரியும் சேர்ந்து போடும் கோடு.

இங்கிலாந்தில் 1921ல் கார் வரியை குதிரைசக்திக்கு ஒரு பவுண்டு என்று வைத்தார்கள். நிஜமான குதிரைசக்தி அல்ல. சிலிண்டர் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதை வர்க்கமாக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, இரண்டரையால் வகுக்க வேண்டும். இந்தச் சூத்திரத்தில் ஸ்ட்ரோக் நீளமே கிடையாது! உடனே கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள்? விட்டத்தைக் குறைத்து ஸ்ட்ரோக்கை நீட்டினார்கள். அமெரிக்காவின் போர்டு டி மாடல் இந்தக் கணக்கில் 22 குதிரைசக்திக்கு மேல் வந்தது. 1922ல் வந்த ஆஸ்டின் செவன் எட்டுக்குள் அடங்கியது. ஒரு வரிச் சூத்திரம் பிஸ்டனின் உருவத்தையே மாற்றிவிட்டது பார்த்தீர்களா!

ஜப்பானில் கேய் கார் என்று ஒரு வகுப்பு 1949லேயே உண்டானது. 1955ல் என்ஜின் 360 சி.சி., நீளம் மூன்று மீட்டர் என்று நின்றது. வரி குறைவு, சலுகைகள் உண்டு. அதே 1955ல் சுசுகி கம்பெனி தன் முதல் காரான சுசுலைட்டை அந்த வகுப்புக்குள் இறக்கியது. நாயுடுவின் காருக்கு மூன்று வருடம் பின்னால்! பிறகு 1976ல் 550 சி.சி., 1990ல் 660 சி.சி. என்று வரம்பு ஏறியது. 1998ல் நீளம் 3.4 மீட்டர் ஆனது.

ஐரோப்பாவில் யுத்தம் முடிந்த பிறகு இரண்டு பேர் போகும் குமிழி போன்ற கார்கள் வந்தன. இத்தாலியில் இசெட்டா, ஜெர்மனியில் மெஸ்ஸர்ஷ்மிட் இரண்டும் 1953ல் வந்தவை. இப்போது அங்கே ஏ, பி, சி, டி என்று எழுத்துப் போட்டுக் கார்களைப் பிரிக்கிறார்கள். அது வியாபார வழக்குதான், கண்டிப்பான அளவு கிடையாது.

அமெரிக்காவில் இன்னும் விசித்திரம். அங்கே சுற்றுச்சூழல் துறை காரின் நீளத்தைப் பார்ப்பதே இல்லை. ஆள் உட்காரும் இடம், சாமான் வைக்கும் இடம் இரண்டையும் சேர்த்துக் கன அடியில் கணக்கெடுக்கிறது. 100 கன அடிக்குக் கீழே வந்தால் சப்காம்பாக்ட். 120க்கு மேல் போனால் பெரிய கார். நீளமான மூக்கும் குறுகலான உள்கூடும் உள்ள கார், விலை எவ்வளவு ஆனாலும் சின்ன வகுப்பில் போய் உட்கார்ந்துவிடும்.

நம்ம அம்பாசிடரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பெயரில் அது சாதாரணக் குடும்பக் கார். இங்கே 1957 முதல் மந்திரி கார், கலெக்டர் கார். அதே 1957ல் அமெரிக்காவில் விற்ற செவர்லே ஐந்து மீட்டர் நீளம். அதன் பக்கத்தில் 4.3 மீட்டர் அம்பாசிடரை நிறுத்தினால் தம்பி மாதிரி இருக்கும். கார் ஒன்றுதான், நிற்கிற இடம்தான் அதைப் பெரியதாகவும் சின்னதாகவும் ஆக்குகிறது.

கோடு போட்ட பிறகு

நாயுடுவின் கார் நின்று ஏழெட்டு வருடம் கழித்து, குறைந்த விலைக் கார் வேண்டும் என்று மத்திய அரசு அமைத்த எல்.கே. ஜா குழுவே சொன்னது. ஆனாலும் 14-12-1983 அன்று மாருதி 800 வரும் வரை மக்கள் காத்திருந்தார்கள். அந்தக் கார் எது? ஜப்பானின் கேய் வகுப்புக்காகச் செய்த சுசுகியின் உடம்புதான். அங்கே 543 சி.சி. என்ஜின், இங்கே 796 சி.சி. ஜப்பானில் அந்த என்ஜினோடு ஓடினால் கேய் வகுப்பிலேயே சேராது. இங்கேயோ அதுதான் சின்னக் காருக்கு இலக்கணம்.

2006 பட்ஜெட்டில் நம் நாடும் தெளிவாக ஒரு கோடு போட்டது. நீளம் 4,000 மி.மீ.க்குள், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள் இருந்தால் சின்னக் கார். கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆனது. உடனே டிக்கி வைத்த கார்களின் வாலை வெட்டினார்கள். 2012ல் வந்த ஸ்விஃப்ட் டிசையர் 3,995 மி.மீ. ஐந்து மில்லிமீட்டர் மிச்சம்! ஸ்டீல் ரூலரில் ஐந்து சின்னக் கோடு. 22-9-2025 முதல் ஜி.எஸ்.டி. கணக்கிலும் இதே கோடுதான். உள்ளே இருந்தால் 18 சதவீதம், வெளியே போனால் 40.

இதில் ஒரு வேடிக்கை. ஒரு காலத்தில் வசதியான வீட்டின் அடையாளமாக நின்ற பிரீமியர் பத்மினி 3.93 மீட்டர் நீளம், 1,089 சி.சி. இன்றைய கோட்டின்படி அது சின்னக் கார்!

நாயுடு செய்த மாதிரியான குட்டி வண்டிக்கும் கடைசியில் ஒரு வகுப்பு கிடைத்தது. குவாட்ரிசைக்கிள் என்ற பெயரில், சொந்த உபயோகத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று 2018ல் மத்திய அரசு அறிவித்தது. 216 சி.சி. பஜாஜ் க்யூட் அப்படி வந்ததுதான். 1952லிருந்து எண்ணினால் 66 வருடம்.

ஒரு பக்கமாகவே பேசக் கூடாது. 2009ல் விற்பனைக்கு வந்த டாடா நானோவுக்கு லைசென்ஸ் தடை எதுவும் இல்லை. 624 சி.சி., மூன்று மீட்டருக்குச் சற்று மேல், விலை லட்ச ரூபாய் என்று ஊரே பேசியது. பத்து வருடத்துக்குள் தயாரிப்பு நின்றுவிட்டது. அனுமதி கிடைத்துவிட்டாலே குட்டிக் கார் ஜெயித்துவிடும் என்று அர்த்தம் இல்லை. நாயுடுவின் காரும் ரோட்டுக்கு வந்து தோற்றிருக்கலாம். ஜெயித்தும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் வாங்கும் மக்கள். அவர்களிடம் அந்தக் கேள்வி போகவே இல்லை. அதுதான் வருத்தம்.

நமக்கு என்ன?

ஜி.டி. நாயுடு 4-1-1974 அன்று காலமானார். கோவை அவினாசி ரோட்டில் அவர் பெயரில் உள்ள அறக்கட்டளை 2015ல் கார் அருங்காட்சியகம் திறந்தது. பல நாட்டுக் கார்களும் அங்கே நிற்கின்றன. டூர் போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். நான் மேலே எழுதியதெல்லாம் அங்கே கண்ணெதிரே தெரியும். அதே ரோட்டில் 2025 அக்டோபரில் திறந்த 10.1 கி.மீ. மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். எந்த ரோட்டில் அவர் காரைப் பெருவாரியாக ஓட விடவில்லையோ, அந்த ரோடே இன்று அவர் பெயரைச் சுமக்கிறது.

நம்ம ஊருக்கும் இதில் ஒரு பங்கு காத்திருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 25-7-1948 அன்று பண்டித நேரு அடிக்கல் நாட்டி, 14-1-1953 அன்று திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம்ம காரைக்குடியில்தான் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர் போன இடம். மின்சாரக் காருக்கு சி.சி. ஏது, பிஸ்டன் ஏது? நீளம் எதுவானாலும் அதற்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். பழைய கோடுகள் அழியும் நேரம் இது. புதுக் கோடு எங்கே விழும் என்று தெரியாது. எடையை வைத்தா, பேட்டரி அளவை வைத்தா, ரோட்டில் அடைக்கும் இடத்தை வைத்தா?

அந்தக் கோட்டைப் போடுகிற மேஜையில், ஒர்க்ஷாப்பில் கை கறுத்த ஒருவரும் உட்கார வேண்டும். டிராயிங் ஹாலில் நாம் போடும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஏன் இந்த அளவு என்று கேட்டுப் பழகினால், நாளைக்கு சர்க்கார் போடும் கோட்டைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்கத் தைரியம் வரும். மூன்றாம் வகுப்புப் படித்தவருக்கு அந்தத் தைரியம் இருந்தது. டிப்ளமோ வாங்கப் போகும் நமக்கு இல்லாமல் போகலாமா?