பூட்டுத் தொழிலாளியின் மகன் ஓம்

ஓம் விதியை எழுதாமல் நம்மில் யாரும் எலக்ட்ரிகல் பரீட்சையைத் தாண்ட முடியாது. ஆனால் அந்த விதியைத் தந்தவரும் ஒரு சாதாரணத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைதான் என்பது லைப்ரரியில் படிச்ச பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789 மார்ச் 16-ம் தேதி ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். அப்பா பூட்டுச் செய்யும் தொழிலாளி. அம்மா தையற்காரரின் மகள். ஓம் சின்னப் பையனாக இருந்தபோதே இறந்துவிட்டார். அப்பா தானாகவே கணக்கும் விஞ்ஞானமும் கற்று, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1805-ல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஓம், நடனம், பில்லியர்ட்ஸ் என்று பொழுதைப் போக்கினார். அப்பாவுக்குக் கோபம் வந்துடுச்சு. ஒன்றரை வருஷத்தில் படிப்பு நின்றது. சுவிட்சர்லாந்துக்கு வாத்தியார் வேலைக்குப் போனார். அங்கே தானாகப் படித்துத் தேறி, ஊர் திரும்பி, 1811-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1817-ல் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியரானார். அங்கேதான் கம்பிகளை வைத்துச் சோதனை செய்தார். அந்தக் கால பேட்டரியில் வோல்டேஜ் நிலையாக நிற்காது. அதனால் 1826-ல் பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப இணையைப் பயன்படுத்தினார். ஒரே பருமன், வேறு வேறு நீளம் என்று 8 செம்புக் கம்பிகளை மாற்றி மாற்றி அளந்தார். நீளம் கூடக்கூட மின்னோட்டம் குறைந்தது!

வோல்டேஜ் ட்ராப்புக்குக் காரணம் இதிலேயே இருக்கிறது. எங்கள் வீடு கடைசி போஸ்ட் பக்கம். சாயங்காலம் எல்லா வீட்டிலும் லைட் போட்டதும் எங்க டியூப்லைட் மினுக்மினுக்குன்னு அடிக்கும். கம்பி நீளம், லோடும் அதிகம். ஒரு கணக்குப் பாருங்கள். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி 50 மீட்டர் தூரம் போனால், போக வர 100 மீட்டர். தடை சுமார் 1.15 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் 11.5 வோல்ட் வழியிலேயே போயிடும். 230 வோல்ட் 218.5 ஆகிவிடும். அதே இடத்தில் 4 சதுர மி.மீ. கம்பி போட்டால் இழப்பு 4.3 வோல்ட்தான். ஜாயிண்ட் லூஸாக இருந்தாலும், துருப்பிடித்தாலும் தடை கூடும். அந்த இடம் சூடாகி, தீப்பிடிக்கவும் வழியாகும்.

1827-ல் ஓம் தன் முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். ஜெர்மனியில் பலர் அதை ஏற்கவில்லை. மனம் நொந்து கொலோன் வேலையை விட்டார். வருஷக்கணக்கில் நிலையான வேலை இல்லை. 1833-ல் அவருக்கு இடம் கொடுத்தது எது தெரியுமா? நியூரம்பர்க் பாலிடெக்னிக்! பிறகு அதன் தலைவராகவும் ஆனார். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் அளித்தது. அவர் ஆசைப்பட்ட மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி 1852-ல்தான் கிடைத்தது. 1854 ஜூலை 6-ல் காலமானார். 1881-ல் பாரிஸ் மின்சார மாநாடு, மின்தடையின் அலகுக்கு ஓம் என்ற பெயரை ஏற்றுக்கொண்டது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். என் அப்பா கைநாட்டு வைப்பவர். டிப்ளமாதானே என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் இனி நான் தலைகுனிய மாட்டேன். நண்பர்களே, நீங்களும் குனியாதீர்கள். ஓம் பாடம் நடத்தியதும் ஒரு பாலிடெக்னிக்கில்தான்!