மூன்று தலைமுறைக் குறிப்புகள்

அமெரிக்காவில் நியூயார்க் நகருக்குக் கிழக்கே லாங் ஐலண்ட் என்ற நீண்ட தீவு இருக்கிறது. அங்கே ஈஸ்ட் ஹாம்டன் என்ற ஊரில் 1850-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி ஜார்ஜ் ஹண்டிங்டன் பிறந்தார். ஒரு கொடிய நரம்பு நோயை இன்று உலகம் இவர் பெயரால்தான் அழைக்கிறது.

வைத்தியக் குடும்பம்

இவருடைய தாத்தா டாக்டர். 1797-ம் ஆண்டு முதல் அந்த ஊரில் வைத்தியம் பார்த்தார். அப்பாவும் டாக்டர்.

அப்பா நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது சிறுவன் ஜார்ஜும் கூடப் போவான். ஒரு நாள் வழியில் தாயும் மகளுமாக இரண்டு பெண்கள் எதிரே வந்தார்கள். இருவருக்கும் உடல் தானாகவே வளைந்து நெளிந்தது, முகம் கோணியது. சிறுவன் திடுக்கிட்டான். தாய்க்கும் மகளுக்கும் ஒரே நோய்! அது அவன் மனதில் ஆழப் பதிந்துவிட்டது.

புதையல்

1871-ல் ஹண்டிங்டன் நியூயார்க்கில் படித்து டாக்டர் ஆனார். ஊர் திரும்பியதும், இந்த நோய் கண்ட குடும்பங்களைப் பற்றித் தாத்தாவும் அப்பாவும் கவனித்துச் சேர்த்த குறிப்புகளை ஆராய்ந்தார்.

இந்த நோய் பெரும்பாலும் 30 வயதுக்கு மேல்தான் தலைகாட்டும். அதற்குள் நோயாளிக்குக் கலியாணம் ஆகி, பிள்ளைகளும் பிறந்துவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு நோய் வருமா என்று தெரிய இன்னும் 30 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஒரு டாக்டரின் ஆயுள் அதற்குப் போதுமா? போதாது. ஆனால் ஹண்டிங்டனின் கையில் முக்கால் நூற்றாண்டுக் குறிப்புகள் இருந்தன!

அவற்றிலிருந்து உண்மை புலப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் பிள்ளைக்கும் வரலாம். நோய் வராமல் ஒரு பிள்ளை தப்பிவிட்டால், அந்தப் பிள்ளையின் சந்ததிக்கு நோய் இல்லை.

1872 பிப்ரவரியில் ஓஹையோ மாநிலத்தில் டாக்டர்கள் கூட்டத்தில் இதைப் படித்தார். ஏப்ரலில் அது பத்திரிகையில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 22தான்! அவருக்கு முன்பும் சிலர் இந்த நோயைப்பற்றி எழுதியது உண்டு. ஆனால் இவ்வளவு தெளிவாக யாரும் எழுதவில்லை.

புகழ் வந்தபோதும் அவர் பெரிய பதவி எதையும் தேடிப் போகவில்லை. கிராமத்து டாக்டராகவே வாழ்ந்தார். ஓய்வு நேரத்தில் புல்லாங்குழல் வாசிப்பார், மீன் பிடிப்பார். 1916-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி காலமானார்.

ஏரிக்கரையில்

அவர் காட்டிய வழி அவரோடு முடியவில்லை. வெனிசூலா நாட்டில் மாரகைபோ ஏரிக்கரை ஊர்களில் இந்த நோய் மிகுதி. 1981 முதல் நான்சி வெக்ஸ்லர் என்ற பெண் விஞ்ஞானியின் குழுவினர் ஆண்டுதோறும் அங்கே போனார்கள். நான்சியின் தாயாரும் இதே நோயால் இறந்தவர். வீடுவீடாக விசாரித்து, 18,000 பேருக்குமேல் அடங்கிய வம்சாவளியை எழுதினார்கள். ரத்தமும் சேகரித்தார்கள்.

பலன் கிடைத்தது. நோய்க்குக் காரணமான மரபணு 4-வது குரோமோசோமில் இருப்பது 1983-ல் தெரிந்தது. 1993-ல் அந்த மரபணுவே அகப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு சரிபாதி.

பெயர் வெளியே தெரியாது

நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. அரிய நோய் என்பதால் ஓர் ஊரில் ஓரிருவரே இருப்பார்கள். ஆகவே பல நாட்டு நோயாளிகளையும் ஒரே பதிவேட்டில் சேர்க்கும் முயற்சி 2012-ல் தொடங்கியது. பெயருக்குப் பதில் ரகசிய எண்ணைக் குறித்து, ஆண்டுக்கொருமுறை பரிசோதித்து எழுதுகிறார்கள். புது மருந்தைச் சோதிக்க வேண்டுமானால், தகுந்த நோயாளிகளைத் தேடிப்பிடிக்கவும் இது உதவுகிறது.

பரம்பரை நோயை வெளியே சொல்லக் குடும்பங்கள் அஞ்சுவது இயல்பு. வரன் அமையாதே, வேலை கிடைக்காதே என்ற கவலைதான். ஆனால் மறைத்த நோயை எந்த டாக்டராலும் ஆராய முடியாது. லாங் ஐலண்ட் குடும்பங்கள் மூன்று தலைமுறை டாக்டர்களை நம்பின. அந்த நம்பிக்கைதான் ஹண்டிங்டனுக்குக் கிடைத்த பெரிய சொத்து!